அத்தியாயம் 4: சுமைதாங்கிக் கல்

பழைய சாலைகளில் பார்த்திருப்பீர்கள். புளியமரத்து நிழலில் இரண்டு கல் தூண்களை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். உயரம் ஏறக்குறைய ஆள் மட்டம். இன்று அதில் கட்சிச் சின்னம் வரைந்திருக்கும், இல்லையென்றால் யாராவது ஆட்டைக் கட்டியிருப்பார்கள். பெயர் சுமைதாங்கி.

தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டால், திரும்பத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஆளில்லாத வழியில் யாரைத் தேடுவது? அதனால் கழுத்து கடுத்தாலும் இறக்காமலே நடந்தார்கள். சுமைதாங்கி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. கல் தலை மட்டத்தில் இருப்பதால் மூட்டையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைக்கலாம். தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, மறுபடி தானாகவே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம்.

இந்த அத்தியாயம் அந்தக் கல்லைப் பற்றியது. வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் பத்தாம் வகுப்பு, அப்பாவின் முழங்கால் வலி, மேலாளரின் குரல் என்று உங்கள் தலையில் இருப்பதை இந்தப் புத்தகம் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்து உடைந்துபோனவர்களில் பலர், சுமையின் எடை தாங்காமல் விழுந்தவர்கள் இல்லை. காலையில் ஏற்றியதை இரவு வரை எங்கேயும் இறக்காமல் நடந்தவர்கள். உங்கள் நாளில் அப்படி இறக்கி வைக்கும் இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இல்லாத இடங்களில் கல் நடுவதற்கான வழிகள் கீழே.

முதலில், சுமை இருப்பது தெரிய வேண்டும்

வங்கிக் கிளை ஒன்றில் வேலை பார்த்த என் நண்பருக்கு நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது. "கேஸ்தான்" என்று ஓமவாட்டர் குடித்தார். பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நேரத்தில் ஒரு ராத்திரி வலி இறுக்கிப் பிடிக்க, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் கடைசியாக, "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"படுத்தா தூங்கிடுவேன் சார். மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். அப்புறம் டெபாசிட் டார்கெட்தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்."

பக்கத்தில் நின்ற மனைவி சொன்னார்: "ஆறு மாசமா இப்படித்தான் டாக்டர். கேட்டா ஒண்ணுமில்லேன்னுடுவார்."

நம்மிடையே மனசு நேரடியாக முறையிடுவது குறைவு. உடம்பை அனுப்பி வைக்கும். தலை பாரம், கை கால் ஓய்ச்சல், வயிற்றில் எரிச்சல், படபடப்பு, சாப்பாடு இறங்காமை, தூங்கி எழுந்தும் தீராத அசதி. வீட்டில் சின்ன விஷயத்துக்கு வள்ளென்று விழுவதும் இதே பட்டியலில் சேரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலியை முதலில் இதய வலியாகவே எண்ணி மருத்துவமனைக்கு ஓடுங்கள். "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அதேபோல, ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் மனச்சோர்வு போலவே வேஷம் கட்டும். மாதக்கணக்கில் அசதி என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது முதல் படி.

உடம்பில் குறை இல்லை என்று தெரிந்தபின் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வேலையால் வரும் தீய்ச்சல். பர்ன்அவுட் என்று அலுவலகங்களில் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நோயாக இல்லை, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாக. அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலைமீது வெறுப்போ ஒட்டாமையோ வருதல், முன்புபோல் வேலை செய்ய முடியவில்லை என்ற உணர்வு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கே திங்கட்கிழமை வயிற்றைப் பிசைகிறதா? இந்தப் பக்கம் பாருங்கள்.

இரண்டாவது, மனச்சோர்வு நோய். இது வேலையோடு நிற்காது. லீவு போட்டாலும் கூடவே வரும். மருத்துவர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளை நீங்களும் கேட்டுக்கொள்ளலாம். கடந்த 2 வாரங்களில் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா? வழக்கமாகப் பிடித்த காரியங்களில் நாட்டம் போய்விட்டதா? இரண்டில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால், இந்த அத்தியாயத்தில் "மருத்துவரிடம் எப்போது, எங்கே" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

வேலையிடத்தில் மூன்று கற்கள்

1. கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

முடித்த வேலை மனதை விட்டுப் போய்விடுகிறது. பாதியில் நிற்கும் வேலைதான் கூடவே வீட்டுக்கு வருகிறது. புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் அதிகம் நினைவில் நின்றதாகக் கண்டார். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றால் யாரும் வீடு போய்ச் சேர முடியாது. ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று எழுதி வைத்துவிட்டால் மனதின் பிடி தளர்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

எனவே மேசையை விட்டு எழும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். "நாளைக்கு நிறைய வேலை" என்று எழுதினால் பயனில்லை. "மதுரை பார்ட்டி பில்லில் ஜிஎஸ்டி தப்பு. நாளை வந்ததும், டீ குடிக்கும் முன், திருத்தி அனுப்பணும்" என்று எழுதுங்கள். வேலை, நேரம், முதல் அசைவு என மூன்றும் இருக்க வேண்டும். தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். என் நண்பர் இதைத் தொடங்கிய பிறகு, மூன்று மணி முழிப்பு நின்றுவிடவில்லை. ஆனால் முழித்தாலும், "அது தாள்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் படுக்க முடிந்தது.

2. இடைவேளை இடைவேளையாக இருக்கட்டும்

டீக்கடை வாசலில் நின்றுகொண்டு அதே மேலாளரைப் பற்றியே பேசினால் உடம்புதான் வெளியே வந்திருக்கிறது. பகலில் இரண்டு முறை, பத்து நிமிடமாவது, வேலைப் பேச்சும் போனும் இல்லாமல் நடங்கள். ஜன்னலோரம் நின்றாலும் சரி.

உட்கார முடிவதே இடைவேளையாக இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களின் கால் வீக்கத்துக்கும் இரவில் வரும் எரிச்சலுக்கும் உறவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது முதலாளி காட்டும் கருணை என்று நினைக்க வேண்டாம். அது உங்கள் உரிமை.

3. வாட்ஸ்அப்புக்கு ஒரு கதவு

ஆபீஸ் குரூப்பில் இரவு 10:40-க்கு ஒரு செய்தி வரும். அவசரம் எதுவும் இருக்காது. ஆனாலும் நான்கு பேர் "ஓகே சார்" போட்டுவிடுவார்கள். ஐந்தாவது ஆளுக்குத் தூக்கம் போய்விடும். பிரான்ஸில் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலைநேரத்துக்கு வெளியே தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை என்பதால் நாமே ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. குரூப் சத்தத்தை இரவு நிறுத்திவிடுங்கள். உண்மையிலேயே தீப்பிடித்தால் போன் செய்யச் சொல்லுங்கள். "எட்டு மணிக்கு மேல மெசேஜ் பார்க்க மாட்டேன் சார், அவசரம்னா கூப்பிடுங்க, எடுத்துடுவேன்." இதைச் சண்டை நடக்கும் நாளில் சொல்லாமல், எல்லாம் சுமுகமாக இருக்கும் ஒரு காலையில் சொல்லுங்கள்.

வேலைமேல் வேலை வந்து விழும்போது "முடியாது" என்று சொல்லப் பலருக்கும் நா எழாது. அதற்கு ஒரு மாற்று வாக்கியம் உண்டு: "சார், ஆடிட் ஃபைலும் இந்த ரிப்போர்ட்டும் ரெண்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டிருக்கீங்க. ரெண்டுல எதை முதல்ல முடிச்சுத் தரட்டும்?" மறுப்பு இல்லை, பணிவு குறையவில்லை, ஆனால் முடிவெடுக்கும் சுமை இப்போது அவர் மேசையில் இருக்கிறது.

கல் நட்டுத் தீராதவை

சில சுமைகளை இறக்கி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளக் கூடாது. தூக்கி எறியத்தான் வேண்டும். எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டும் அதிகாரி, மாதக்கணக்கில் வராத சம்பளம், பாலியல் சீண்டல் ஆகியவற்றுக்கு மூச்சுப்பயிற்சி மருந்தாகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்விசாரணைக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதங்களுக்குள் புகார் தரலாம். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலும், முதலாளிமீதே புகார் என்றாலும் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம்.

இதைப் படிப்பவர் நான்கு பேருக்கு மேலதிகாரியாக இருந்தால் ஒரு வார்த்தை. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு சுமார் 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஊழியர்களுக்கு யோகா வகுப்பு நடத்துவதைவிட, மாலை ஐந்தரைக்கு "ஒரு சின்ன மீட்டிங்" வைக்காமல் இருப்பது அதிகப் புண்ணியம்.

வாசல்

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நம் முன்னோர் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டு, கால் கழுவி, உள்ளே வருவது. கால் கழுவ நேரம் ஆகாது. ஆனால் அந்தச் சொம்புத் தண்ணீர், "வெளி வேறு, உள் வேறு" என்று உடம்புக்குச் சொல்லிவிடும். இன்று லிஃப்டில் கூட மெயில் பார்த்துக்கொண்டே வந்து கதவைத் திறக்கிறோம். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது கை மட்டும் அதன் தலையில் இருக்கிறது.

என் நண்பர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அடுக்குமாடியின் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். மாடியிலிருந்து பார்த்த மனைவிக்கு அது வேறு மாதிரி பட்டது. "கீழ வந்துட்டு ஏங்க மேல வர மாட்டேங்கறீங்க? அப்படி என்ன நாங்க உங்களுக்கு வேண்டாதவங்களாயிட்டோம்?" என்று ஒருநாள் அழுதே விட்டார். வழி சரியானதுதான். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

வாசல் கல்லை இப்படி நடலாம்:

- வீட்டுக்கு முந்தைய நிறுத்தத்தில், அல்லது தெருமுனையில், போனை அமைதியாக்கிப் பைக்குள் போடுங்கள்.
- மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். நான்கு எண்ணும் நேரம் உள்ளே, ஆறு எண்ணும் நேரம் வெளியே. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். மூன்று நிமிடம் போதும்.
- வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுங்கள். ஆபீஸ் சட்டையோடு சோபாவில் சாயாதீர்கள்.
- முதல் வாக்கியம் கேள்வியாக இருக்க வேண்டாம். "ஹோம்ஒர்க் முடிச்சாச்சா?", "கரண்ட் பில் கட்டினியா?" எல்லாம் அரை மணி நேரம் காத்திருக்கும்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு வாசலே இல்லை. அதுதான் அவர்கள் சிரமம். வேலை முடிந்ததும் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப் போடுங்கள். செருப்பு மாட்டி, தெருவை ஒரு சுற்று சுற்றி, "ஆபீஸிலிருந்து" திரும்பி வாருங்கள். சிரிப்பு வரும்தான். ஒரு வாரம் செய்து பாருங்கள்.

வீடும் ஒரு வேலையிடம்

மேலே சொன்ன பத்து நிமிடம் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு வாய்ப்பதே இல்லை. கைப்பையை மாட்டிய கையாலேயே அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம் என்றும், ஆண்கள் 97 நிமிடம் என்றும் சொன்னது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு.

நிமிடக் கணக்கில் வராத ஒரு வேலையும் உண்டு: நினைவில் வைத்திருப்பது. ஆசிரியையாக இருக்கும் என் உறவுக்காரப் பெண் ஒருமுறை சொன்னார்: "சமைக்கிறதுகூடப் பரவாயில்லண்ணா. சிலிண்டர் எப்ப புக் பண்ணணும், அத்தைக்குச் சுகர் மாத்திரை எத்தனை மிச்சம், சின்னவனுக்கு வெள்ளிக்கிழமை கலர் டிரெஸ்... எல்லாம் என் தலைக்குள்ளதான். அவரும் நல்லவர்தான். 'சொன்னா செய்றேன்ல'ம்பார். அந்தச் சொல்றதுதாண்ணா வேலையே."

அந்த வீட்டில் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு, தூங்கப் போன சின்னவன் எழுந்து வந்து, "அம்மா, நாளைக்குச் சார்ட் பேப்பர் கொண்டுபோகணும்" என்றான். அப்பா டிவியிலிருந்து திரும்பாமல், "அம்மாகிட்ட சொல்லு" என்றார். அம்மாவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அந்தப் பெண் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். சார்ட் பேப்பருக்காக யாராவது அழுவார்களா என்று கணவருக்குப் புரியவே இல்லை.

அவர்கள் பிறகு செய்ததை நீங்களும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், வீட்டு வேலைகளை ஒரு தாளுக்கு ஒன்றாக எழுதினார்கள். நினைத்து வைத்திருக்க வேண்டியவற்றையும் எழுதினார்கள். நாற்பத்து மூன்று தாள் வந்தது. முப்பத்தைந்து மனைவி பக்கம். பிறகு பிரித்தார்கள்.

பிரிப்பதில் ஒரே விதி: வேலையை அடி முதல் நுனி வரை ஒருவரிடம் கொடுக்க வேண்டும். "சிலிண்டர்" என்றால் தீர்வதைக் கவனிப்பது, புக் செய்வது, வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க ஏற்பாடு, பணம், எல்லாம் ஒருவர் பொறுப்பு. மற்றவர் நினைவூட்டவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது. முதல் மாதம் ஒருநாள் அடுப்பு எரியாமல் போகும். இட்லி வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த ஒருநாள் பட்டினிக்குப் பயந்து கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்பவர்களிடம்தான் சுமை நிலைத்துவிடுகிறது.

வீட்டில் இன்னொரு கல், காது கொடுத்துக் கேட்பது. ஒருவர் புலம்பத் தொடங்கியதும் மற்றவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவது நம் வழக்கம். "நீ அப்பவே அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்ற வாக்கியத்தோடு பேச்சு முடிந்துபோகும். அடுத்த முறை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நான் ஏதாவது யோசனை சொல்லணுமா, சும்மா கேட்டாப் போதுமா?" பெரும்பாலும் கேட்டால் போதும்.

இரவு

பகலில் இடம் கிடைக்காத கவலை எல்லாம் தலையணைக்கு வந்து சேரும். அதற்குப் பகலிலேயே ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலையில் இருபது நிமிடம், ஒரே இடம், ஒரு நோட்டு. மனதில் உள்ளதை எல்லாம் எழுதி, எதிரே இரண்டில் ஒன்றைக் குறியுங்கள்: "செய்யலாம்" அல்லது "என் கையில் இல்லை". செய்யலாம் என்பதற்கு அடுத்த அடியை எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "ஆறரை மணிக்கு வா" என்று தள்ளிவையுங்கள். விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த முறையை 1980-களிலிருந்து உளவியலாளர்கள் சோதித்து வருகிறார்கள். கவலை குறைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

தூக்கத்துக்குப் பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். மாலை காபியின் காஃபீனில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் உடம்பில் இருக்கும். நாலு மணிக்கு மேல் வேண்டாம். போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் போதும். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, தூக்கம் சொக்கியபின் திரும்புங்கள். நாளுக்கு அரை மணி வேகநடை, வாரத்துக்கு ஐந்து நாள், இதற்கு நல்ல துணை.

டாஸ்மாக்கில் விற்பதைச் சுமைதாங்கி என்று நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். மது சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மைதான். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும். மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். இறக்கி வைத்ததாக நினைத்த மூட்டை, காலையில் ஒரு கல் கூடுதல் எடையோடு தலையில் இருக்கும்.

மனிதச் சுமைதாங்கிகள்

கருவுற்றிருக்கையில் இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிக் கற்களை நடும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. தன் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால், வழியில் போகிற யாரோ ஒருவர் சுமையை இறக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு குடும்பம் தன் துக்கத்தைக் கல்லாக்கியது. பிறர் சுமைக்குத் தோள் கொடுப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

உங்களைச் சுற்றி ஒருவர் திடீரென்று ஒதுங்கினால், பேச்சைக் குறைத்தால், "நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்பது போலச் சொன்னால், கடந்து போகாதீர்கள். தனியே உட்கார வைத்து நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாடா?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது பொய்ப் பயம். பலருக்கு அந்தக் கேள்விதான் முதல் மூச்சு. "ஆமாம்" என்று பதில் வந்தால் அறிவுரை வேண்டாம், அவரைத் தனியே விடவும் வேண்டாம். பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை அப்புறப்படுத்தி, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மருத்துவரிடம் எப்போது, எங்கே

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வேலைக்குப் போக முடியவில்லை, சாகும் எண்ணம் வருகிறது. இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் வேண்டும். கடைசியில் சொன்னது இருந்தால் இன்றைக்கே.

பலரைத் தடுப்பது "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கேலிதான். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரை வசவாக்கிவிட்டோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1990-களில் முதலில் திருச்சியில் வந்தது. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. கட்டணம் இல்லை, மாத்திரையும் அங்கேயே கிடைக்கும்.

எல்லாரும் கேட்கும் மூன்று கேள்விகள்:

*மாத்திரை பழகிவிடுமா?* மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். குணம் தெரிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். தூக்க மாத்திரை வேறு வகை, பழகிவிடும். அதைச் சீட்டில்லாமல் வாங்கவே கூடாது.

*ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?* மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. மற்ற நோய்களுக்குப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது.

*பேசினால் மட்டும் சரியாகுமா?* லேசான நிலையில் ஆலோசனைச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கடுமையானால் ஆலோசனை, மாத்திரை இரண்டும் தேவைப்படும். எது வேண்டும் என்று மருத்துவர் சொல்லட்டும்.

இந்த வாரத்துக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் அதுவே புதுச் சுமையாகிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு கல் போதும்.

- வாரம் 1: கிளம்பும் முன் மூன்று வரித் தாள்.
- வாரம் 2: வாசல் மூச்சும், முகம் கழுவலும்.
- வாரம் 3: ஞாயிறு அன்று காலண்டர் தாள்கள். ஒரே ஒரு வேலையையாவது முழுதாகக் கைமாற்றுங்கள்.
- வாரம் 4: போன் கூடத்தில், கவலைக்கு மாலை இருபது நிமிடம்.

ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். கணக்கு வைத்து உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு காரியம். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். ஒருநாள் ராத்திரி உங்களைக் கூப்பிடும் யாருக்காவது தேவைப்படும்.